எந்திர அறிவின் கதை – 17: பிட்ஸ்பர்கில் முளைத்த காது

1969இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழுக்கு ஜான் பியர்ஸ் ஒரு கடிதம் எழுதினார். பியர்ஸ் லேசுப்பட்ட ஆள் அல்ல. பெல் ஆய்வகத்தில் தகவல் தொடர்பு ஆராய்ச்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்தவர். எந்திர மொழிபெயர்ப்புக்கு வந்துகொண்டிருந்த அரசுப் பணம் வற்றிப்போகக் காரணமான 1966ஆம் ஆண்டு அறிக்கையை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். அதை எழுதிய குழுவின் தலைவரும் இவர்தான். இப்போது அவர் பார்வை பேச்சறிதல் பக்கம் திரும்பியிருந்தது. மனிதர் பேசுவதைக் கணினியைக் கேட்கவைக்கிறோம் என்று கிளம்பியவர்களை, தண்ணீரைப் பெட்ரோலாக்குகிறேன், கடல்நீரில் தங்கம் எடுக்கிறேன் என்பவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். பெல் ஆய்வகத்தில் இந்த ஆராய்ச்சிக்கான பணம் நின்றுபோனது.

அந்தக் கடிதத்தின் காட்டத்தைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். அதிலிருந்த வாதத்தைச் சொல்பவர்கள் குறைவு. நாம் ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்ளும்போது காது செய்யும் வேலை பாதிதான். நமக்கு மொழி தெரியும், பேசப்படும் விஷயம் தெரியும், அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்பதும் ஓரளவு தெரியும். இந்த அறிவு எதுவும் இல்லாத பெட்டி ஒன்று வெறும் ஒலியலையை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டார் பியர்ஸ். கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ‘ஆகவே இதை விட்டுவிடுங்கள்’ என்பது அவருடைய முடிவு. ‘ஆகவே அந்த அறிவைக் கொடுத்துப் பார்க்கலாம்’ என்று நினைத்த 32 வயது இளைஞர் ஒருவர் அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டை விட்டு பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் ராஜகோபால் ரெட்டி. உலகம் ராஜ் ரெட்டி என்று அழைக்கிறது. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தின் காட்டூர் கிராமத்தில் பிறந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 1958இல் பட்டம் பெற்றார். பிறகு ஆஸ்திரேலியா போய் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை, அங்கேயே ஐபிஎம்மில் சில ஆண்டுகள் வேலை. அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் ஜான் மெக்கார்த்தியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1966இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வே பேச்சொலியைக் கணினி நேரடியாகப் பிரித்தறிவது பற்றியதுதான். கட்டடமும் பாலமும் கட்டப் படித்த ஒருவர் எட்டே ஆண்டுகளில் இங்கே வந்து நிற்கிறார். டூரிங் விருது பெற்ற முதல் ஆசியர் தங்கள் வளாகத்தில் படித்தவர் என்பதைக் கிண்டியின் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் யாராவது சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோதே ரெட்டியும் மாணவர்களும் ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள். ஒருவர் மைக்கில் கட்டளையிடுகிறார். கணினியோடு இணைத்த எந்திரக் கை மேசைமேல் கிடக்கும் கட்டைகளை எடுக்கிறது. சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் ‘பேசினால் வேலை நடக்கும்’ என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டவர் அவர். பியர்ஸின் கடிதம் அவரை அசைக்காததில் வியப்பில்லை.

கார்னகி மெலனை நமக்கு முன்பே தெரியும். ஆலன் நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் தர்க்கத் தேற்றங்களை நிரூபிக்கும் நிரலை எழுதிய அதே இடம். 1965இல் அங்கே கணினி அறிவியல் துறை தனியாகப் பிறந்தது. துறை சின்னது, கதவுகள் திறந்தவை, யார் வேண்டுமானாலும் யாருடைய அறைக்குள்ளும் நுழைந்து சண்டை போடலாம். இந்தக் கடைசி விஷயம் நம் கதைக்கு முக்கியம்.

1970இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பாவில் கணினிப் பிரிவைக் கவனித்துவந்த லாரி ராபர்ட்ஸ், பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி சாத்தியமா என்று ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவர் நியூவெல். உறுப்பினர்களில் ரெட்டியும் உண்டு. 1971இல் அவர்கள் தந்த அறிக்கையை இன்று படித்தாலும் அதன் நேர்மை பிடித்துப்போகிறது. பொத்தாம்பொதுவாக ‘முயல்வோம்’ என்று எழுதிப் பணம் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் எதைச் செய்து காட்டவேண்டும் என்பதைத் தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் இயல்பாகத் தொடர்ந்து பேசவேண்டும். பேசுபவர் ஒருவர் அல்ல, பலர். அறை அமைதியாக இருக்கலாம், மைக் நல்லதாக இருக்கலாம், ஒவ்வொருவர் குரலுக்கும் கணினியைச் சற்றே பழக்கிக்கொள்ளலாம். சொற்களஞ்சியம் 1000 சொற்கள். வாக்கிய அமைப்பு ஒரு சின்ன எல்லைக்குள். பொருள் பிழை 10 விழுக்காட்டுக்கும் கீழே. ஏறத்தாழ 1.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கார்னகி மெலன், பாஸ்டன் பக்கத்து பிபிஎன் நிறுவனம், கலிஃபோர்னியாவின் எஸ்டிசி உள்ளிட்டவை களத்தில் இறங்கின.

1000 சொல் என்பது இன்று நமக்குச் சிறிய எண்ணிக்கை. அதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். எழுத்தில் நாம் சொற்களுக்கு இடையே இடம் விடுகிறோம். பேச்சில் அந்த இடம் கிடையாது. தமிழருக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. ‘வந்து விட்டார்கள்’ என்பது வாயில் ‘வந்துட்டாங்க’ ஆகிவிடுகிறது. இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் ஓர் எழுத்து தோன்றும், ஒன்று மறையும், ஒன்று வேறொன்றாகத் திரியும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே புணர்ச்சி இலக்கணமாகப் படித்துவிடுகிறோம். ஆங்கிலப் பேச்சிலும் அதேதான் நடக்கிறது. எழுத்தில் காட்டுவதில்லை, அவ்வளவே. ஒலியலையை வரைந்து பார்த்தால் எங்கே ஒரு சொல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் பல ஊகங்கள் சாத்தியம். பத்துச் சொல் வாக்கியத்துக்குள் அந்த ஊகங்கள் ஒன்றோடொன்று பெருகிக் கோடிக்கணக்கில் போய் நிற்கும்.

ரெட்டி குழுவின் முதல் பதில் ‘ஹியர்சே’. 1972 வாக்கில் அது இயங்கத் தொடங்கியது. அதை மக்கள் முன் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்டது சதுரங்கம். எதிராளி கணினி. மனிதர் தன் காயை வாயால் நகர்த்தவேண்டும்: ‘பான் டு கிங் ஃபோர்.’ ‘கிங்’ என்றாரா, ‘குயின்’ என்றாரா? இரண்டும் ககரத்தில் தொடங்கி மூக்கொலியில் முடிகின்றன. மைக்கில் இரைச்சல் இருந்தால் காதுக்கே சந்தேகம் வரும். ஆனால் இந்த நேரத்தில் பலகையில் எந்தக் காய் எங்கே போகலாம் என்று சதுரங்க நிரலுக்குத் தெரியும். ஹியர்சே அந்த நிரலைக் கேட்டது. விதிப்படி நடக்கக்கூடாத நகர்த்தல்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. மீதி இருந்தவற்றோடு ஒலியை ஒப்பிட்டது. தொடர்பேச்சைக் கேட்க, பேசும் விஷயத்தின் அறிவையே ஒரு கணினி பயன்படுத்தியது இங்கேதான் முதன்முதலில் கண்முன் நடந்தது. பியர்ஸ் எதை இல்லை என்றாரோ அதையே ஒரு சின்னப் பலகைக்குள் கொடுத்துக் காட்டிவிட்டார்கள்.

அடுத்தது ‘ஹியர்சே-2’. லீ எர்மன், விக்டர் லெஸ்ஸர், ஃபிரெடெரிக் ஹேஸ்-ராத் ஆகியோர் ரெட்டியோடு சேர்ந்து கட்டியது. செயற்கை நுண்ணறிவு வரலாற்றின் அழகான கட்டுமானங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன். நடுவில் ஒரு கரும்பலகை இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட வல்லுநர்கள். ஒருவருக்கு ஒலித்துண்டுகள் மட்டும் தெரியும். ஒருவருக்கு அசைகள். ஒருவருக்குச் சொற்கள், இன்னொருவருக்கு வாக்கிய இலக்கணம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லாரும் பலகையைப் பார்க்கிறார்கள். தனக்குத் தெரிந்த விஷயம் பலகையில் தென்பட்டால் எழுந்து போய் ஓர் ஊகத்தை எழுதுகிறார், அதற்கு இவ்வளவு மதிப்பெண் என்று பக்கத்தில் குறிக்கிறார். அந்த ஊகத்தைப் பார்த்து வேறொருவர் எழுந்து வருகிறார். இந்த வல்லுநர்கள் எல்லாம் நிரல்கள். பலகை என்பது கணினி நினைவகத்தின் ஒரு பகுதி.

அவர்கள் தங்கள் கட்டுரையில் ஒரு வாக்கியத்தை எடுத்து இதைப் படிப்படியாக விளக்கினார்கள். ஹியர்சே-2இன் வேலை, செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களிலிருந்து கேட்டதை எடுத்துத் தருவது. பேசுபவர் கேட்கிறார்: ‘ஆர் எனி பை ஃபைகன்பாம் அண்ட் ஃபெல்ட்மன்?’ ஃபைகன்பாமும் ஃபெல்ட்மனும் எழுதியவை ஏதேனும் உண்டா என்பது கேள்வி. கணினி வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த இடத்தில் ஒலி நன்றாகப் பிடிபடுகிறதோ அங்கே ஒரு தீவு உருவாகிறது. அந்தத் தீவு இரு பக்கமும் வளர்கிறது. இரண்டு தீவுகள் தொட்டுக்கொண்டால் ஒன்றாகின்றன. இலக்கணம் தெரிந்த வல்லுநர் ‘இதற்கு முன்னால் இன்ன சொற்கள்தான் வரமுடியும்’ என்கிறார். சொல் தெரிந்தவர் ஒலியைப் பார்த்து ஆமோதிக்கிறார், அல்லது மறுக்கிறார். கடைசியில் முழு வாக்கியமும் பலகையின் உச்சியில் நிற்கிறது. பின்னாளில் 1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ராஜ் ரெட்டியோடு பகிர்ந்துகொண்டவர் அந்த வாக்கியத்தில் பெயர் வரும் எட்வர்ட் ஃபைகன்பாம்தான் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கரும்பலகை முறை பேச்சைத் தாண்டியும் பரவியது. கடலடி ஒலிகளை வைத்து நீர்மூழ்கிகளையும் கப்பல்களையும் அடையாளம் காணும் ஹேஸ்ப் என்ற திட்டத்தில் ஃபைகன்பாமின் ஸ்டான்ஃபோர்டு குழு இதையே எடுத்தாண்டது. ஆகவே 1975 வாக்கில் யாரிடமாவது ‘கார்னகி மெலன் எதைக் கொண்டு ஜெயிக்கப் போகிறது’ என்று கேட்டிருந்தால், ஹியர்சே-2 என்றுதான் சொல்லியிருப்பார்கள். குழுத் தலைவர் ரெட்டியின் சொந்த எண்ணத்தில் முளைத்தது. துறையின் பெரிய தலைகளுக்கெல்லாம் பிடித்தது. மனித மனம் இப்படித்தான் வேலை செய்யும் என்று நம்பவும் இதமாக இருந்தது.

அதே கட்டடத்தில் ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர் இதற்கு நேரெதிரான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவரும் மனைவி ஜேனட்டும் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்திலிருந்து 1972இல் இங்கே வந்தவர்கள். பேக்கர் கணிதக்காரர். அவருடைய ‘டிராகன்’ முறைமையில் வல்லுநர்களும் இல்லை, கரும்பலகையும் இல்லை. ஒலி, சொல், இலக்கணம் எல்லாவற்றுக்கும் ஒரே கணிதம். பேசுபவரின் மனத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை நாம் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது அதிலிருந்து வெளிப்பட்ட ஒலி மட்டுமே. எந்த மறைவான பாதையில் நடந்திருந்தால் இந்த ஒலி வெளிப்படும் வாய்ப்பு மிக அதிகம் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் அறிதல். ரஷ்யக் கணித மேதை ஆந்த்ரே மார்க்கோவின் பெயரால் வழங்கும் நிகழ்தகவு மாதிரிகள் இதற்குக் கருவி. பாதைகளில் ஒன்றைக்கூட விடாமல் அத்தனையையும் டிராகன் கணக்கிட்டது. அதனால் நல்ல முடிவு தந்தது. அதனாலேயே பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாகவும் இருந்தது.

செயற்கை நுண்ணறிவுக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் இந்த வழி கசந்தது. அறிவு எங்கே, புரிதல் எங்கே, இது வெறும் கணக்குத்தானே என்றார்கள். நியூவெல், சைமன் போன்றவர்கள் மனித சிந்தனையின் விதிகளைத் தேடிய ஊரில் ஒரு மாணவர், ‘அதெல்லாம் தேவையில்லை, நிகழ்தகவு போதும்’ என்கிறார். பல ஆய்வகங்களில் இப்படிப்பட்ட மாணவருக்கு மேசை கிடைக்காது. கணினி நேரம் கிடைக்காது. பிட்ஸ்பர்கில் இரண்டும் கிடைத்தன. ரெட்டி என்ன செய்தார் என்பதில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம். தன் ஹியர்சேயும் தன் மாணவரின் டிராகனும் ஒரே பணத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரே பதிவுகளைக் கேட்டு ஒன்றோடொன்று மோத வழிவிட்டார். மோதலை அளந்து பார்க்க இன்னொரு மாணவரும் முன்வந்தார்.

அந்த மாணவர் புரூஸ் லோவர். ஹியர்சேயின் முதல் வடிவத்தையும் டிராகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வேலைகளைக் கொடுத்து, எது எங்கே தேறுகிறது, எங்கே தடுக்குகிறது என்று பார்த்தார். டிராகன் துல்லியத்தில் முந்தியது. ஹியர்சே வேகத்தில் முந்தியது. ஏன் என்று தோண்டினார். டிராகனின் பலம், அறிவு முழுவதையும் ஒரே வலைப்பின்னலாக வைத்திருந்தது. ஹியர்சேயின் பலம், தேறாத ஊகங்களை அப்போதைக்கப்போதே கைவிட்டது. இரண்டு பலங்களையும் ஒன்றில் சேர்த்தால்?

1976இல் லோவரின் ஆய்வேடாக வந்த ‘ஹார்ப்பி’ அந்தச் சேர்க்கைதான். அதன் உட்புறத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதலில், பேசக்கூடிய வாக்கியங்களின் இலக்கணத்தை எடுத்தார். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லின் இடத்திலும் அந்தச் சொல்லை எந்தெந்த விதமாக உச்சரிப்பார்கள் என்பதைச் செருகினார். சொல்லும் சொல்லும் சந்திக்கும் இடத்தில் ஒலி எப்படித் திரியும் என்ற விதிகளையும், அதாவது ஆங்கிலத்தின் புணர்ச்சி விதிகளையும், அங்கேயே பிணைத்தார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 15,000 முனைகள் கொண்ட ஒரே வலையாயிற்று. ஒவ்வொரு முனையும் ஓர் ஒலி. வலையின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறும் எந்தப் பாதையும் ஒரு சரியான வாக்கியம், அதன் உச்சரிப்போடு. கரும்பலகையைச் சுற்றி நின்ற வல்லுநர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பலகையில் எழுதவேண்டியதை எல்லாம், பேச்சு தொடங்கும் முன்பே ஒரே முறையில் வலையில் எழுதிவிட்டதாக இதைச் சொல்லலாம்.

பேச்சு வந்ததும் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குகிறது ஹார்ப்பி. அதனிடம் 98 ஒலி அச்சுகள் உண்டு. ஒவ்வொரு துண்டும் அவற்றில் எதற்கு எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பிடுகிறது. பிறகு வலையில் நடக்கத் தொடங்குகிறது. டிராகன்போல எல்லாப் பாதைகளிலும் நடப்பதில்லை. ஒரே ஒரு சிறந்த பாதையைப் பிடித்துக்கொள்வதும் இல்லை. அந்தப் பாதை பாதியில் பொய்த்தால் திரும்பி வரவேண்டியிருக்கும். ஒவ்வோர் அடியிலும் அப்போது முன்னணியில் உள்ள பாதையையும் அதற்கு நெருக்கமாக வரும் சிலவற்றையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. மிகவும் பின்தங்கியவற்றை அங்கேயே வெட்டிவிடுகிறது. இப்படிக் கைநிறையப் பாதைகளோடு முன்னே மட்டும் போகிறது; திரும்பிப் பார்ப்பதே இல்லை. இதற்கு ரெட்டி குழு வைத்த பெயர் ‘பீம் தேடல்’. இன்று எந்திர மொழிபெயர்ப்பிலும் பேச்சறிதலிலும் வேலை செய்யும் பொறியாளர் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரியும்.

1976 செப்டம்பரில் ஐந்தாண்டுக் கெடு முடிந்தது. எல்லாக் குழுக்களும் தங்கள் முறைமைகளைக் கொண்டுவந்தார்கள். ஹார்ப்பியின் முன் ஐந்து பேர் பேசினார்கள், மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். அமைதியான அறைகூட இல்லை. கணினி முனையங்கள் இரையும் அறை. சொற்கள் 1011. 184 வாக்கியங்கள். அவற்றில் 95 விழுக்காட்டைச் சரியாகப் புரிந்துகொண்டது. ஹியர்சே-2, ஹார்ப்பிக்கு ஈடான எளிய இலக்கணத்தில் 91 விழுக்காடு எட்டியது. இலக்கணத்தைச் சற்றுக் கடினமாக்கியதும் 74க்கு இறங்கியது. பிபிஎன் முறைமை 44. எஸ்டிசியுடையது 24. இலக்கை முழுமையாகத் தொட்டது ஹார்ப்பி ஒன்றுதான். ஒரு விநாடிப் பேச்சைக் கேட்க அதற்கு ஏறத்தாழ 2.8 கோடிக் கணினிக் கட்டளைகள் தேவைப்பட்டன. நியூவெல் குழு அனுமதித்திருந்ததில் அது பத்தில் ஒரு பங்குக்கு அருகில்தான். ஆனாலும் அன்றைய பிடிபி-10 கணினி ஒரு சின்ன வாக்கியத்துக்கே நிமிடக்கணக்கில் உழைக்கவேண்டியிருந்தது.

எண்களை இப்படியே விட்டுவிட்டால் பிபிஎன் குழுவுக்கு அநியாயம் செய்தவனாவேன். எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் 1977இல் இந்தத் திட்டத்தை விரிவாக மதிப்பிட்டு எழுதினார். (ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் எந்திரக் குரலை நாம் அறிவோம், அதற்கு அடிப்படை இதே கிளாட் செய்த ஆராய்ச்சி.) அவர் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். ஹார்ப்பியின் இலக்கணத்தில் ஓரிடத்தில் அடுத்து வரக்கூடிய சொற்கள் சராசரியாக 33. பிபிஎன் எடுத்துக்கொண்ட இலக்கணத்தில் 196. அவர்கள் மனிதர் பேசும் விதத்துக்கு இன்னும் அருகில் போக முயன்றார்கள். அதனால் அதிகம் தோற்றார்கள். ஒரு புதுச் சொல்லைச் சேர்க்கவேண்டுமானால் ஹார்ப்பியின் வலையை மறுபடி கட்டவேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். இலக்கணத்துக்கு வெளியே ஒரு வாக்கியம் பேசினால் அதற்குக் காதே கேட்காது. இவை ஹார்ப்பியின் உண்மையான குறைகள். ஆர்ப்பாவும் இவற்றைப் பார்த்தது. இலக்கை எட்டியாயிற்றே, இனி அடுத்த ஐந்தாண்டு என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். திட்டம் 1976உடன் நின்றது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய குழு ஒன்று இருக்க, பணம் நின்றது. ஆனால் பிட்ஸ்பர்கில் அந்த ஆண்டு நடந்த வேறொன்றைப் பற்றி அதிகம் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். தலைவரின் பெயரோடு சேர்ந்த, கட்டுரைகளில் கொண்டாடப்பட்ட கட்டுமானத்தை அவருடைய மாணவரின் எளிய வலை முந்தியது. ரெட்டி அதை மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. அவரே முன்னின்று எழுதிய கட்டுரைகளில் ஹார்ப்பியின் வெற்றியை ஹார்ப்பியின் வெற்றியாகவே எழுதினார். நியூவெல் இன்னும் ஒரு படி போனார். மனித சிந்தனையைப் பற்றித் தான் உருவாக்கிவந்த கோட்பாட்டுக்கு ஹார்ப்பி ஒரு சவால் என்று எடுத்துக்கொண்டார். தன் கோட்பாட்டின் மொழியில் ஹார்ப்பியை எழுத முடியுமா, மனிதரின் காதும் மனமும் இப்படி வேலை செய்யக்கூடுமா என்று ஆராய்ந்து 1978இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். துறையின் மூத்தவர் ஒரு மாணவரின் ஆய்வேட்டைப் படித்துத் தன் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கிறார். நல்ல ஆய்வகம் எது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கட்டுரையைத்தான் காட்டுவேன்.

1979இல் ரெட்டி அதே பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி அதன் முதல் இயக்குநரானார். பேச்சு ஆராய்ச்சி சிறிதாகத் தொடர்ந்தது. எண்பதுகளின் நடுவில் பணம் மறுபடி வந்தபோது வல்லுநர் முறைமைகளின் அலை உச்சத்தில் இருந்தது. ஒலிப்படங்களைக் கண்ணால் பார்த்தே என்ன சொல் என்று கூறும் திறமைசாலிகள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய அறிவை விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று குழு முயன்றது. 1983இல் சேர்ந்த தைவானில் பிறந்த மாணவர் காய்-ஃபூ லீயும் அந்த வேலையில்தான் தொடங்கினார். சிறிது காலத்தில் அவருக்கு நம்பிக்கை போயிற்று. நேரே ரெட்டியிடம் போய், விதிகளை எழுதும் வழி தேறாது, பேக்கரின் நிகழ்தகவு வழியில் போகவேண்டும், நிறையப் பேச்சுப் பதிவுகள் வேண்டும் என்றார். உன்னோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் உனக்கு ஆதரவு தருகிறேன் என்ற பொருளில் ரெட்டி பதில் சொன்னதாக லீ பின்னர் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். சொல்லோடு நிற்கவில்லை. கணினிகள் கிடைத்தன, பதிவுகள் கிடைத்தன.

1988இல் வந்தது ‘ஸ்ஃபிங்ஸ்’. ஹார்ப்பிக்கு ஒவ்வொருவர் குரலையும் இருபது முப்பது வாக்கியங்களால் பழக்கவேண்டும். ஸ்ஃபிங்ஸ் 105 பேரின் 4200 வாக்கியங்களைக் கேட்டுக் கற்றது. அதன்பின் முன்பின் தெரியாத யார் பேசினாலும் கேட்டது. அதன் இன்னொரு முன்னேற்றத்தைத் தமிழ் எழுத்தை வைத்தே காட்டிவிடலாம். ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ககரம். வாயில் மூன்றும் வெவ்வேறு. பக்கத்தில் எந்த ஒலி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறுகிறது. எந்த மொழியிலும் ஒவ்வோர் ஒலியும் இப்படித்தான். லீயின் முறைமை ஓர் ஒலிக்கு ஒரு மாதிரி என்று வைக்காமல், இடப்பக்க அண்டை ஒலியையும் வலப்பக்க அண்டை ஒலியையும் சேர்த்து மாதிரிகள் அமைத்தது. ஒன்றுபோல ஒலிப்பவற்றை ஒரே குழுவாக்கி எண்ணிக்கையை அடக்கியது. 997 சொற்கள் கொண்ட சோதனையில், இலக்கணத் துணை நன்றாக இருந்தபோது சொற்களில் 96 விழுக்காடு சரி. இலக்கணமே இல்லாமல், எந்தச் சொல்லுக்குப் பின்னும் எந்தச் சொல்லும் வரலாம் என்று விட்டபோது 71. இத்தனைக்கும் அடியில் லோவரின் பீம் தேடல் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஆட்கள் கிளை பிரிந்தார்கள். லீ ஆப்பிளுக்குப் போனார். ஸ்ஃபிங்ஸின் அடுத்த வடிவத்தைக் கட்டிய ஷ்வேடாங் ஹுவாங் 1993இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய் அங்கே பேச்சுக் குழுவை உருவாக்கினார். இதே ஹுவாங்கும் ஜேம்ஸ் பேக்கரும் ராஜ் ரெட்டியும் சேர்ந்து 2014இல் பேச்சறிதலின் நாற்பதாண்டு வரலாற்றைக் கட்டுரையாக எழுதினார்கள்.

பேக்கர் தம்பதியை நாம் 1975இலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இருவரும் பிட்ஸ்பர்கை விட்டு நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே ஃபிரெடெரிக் ஜெலினெக் தலைமையில் ஒரு குழு 1972 முதல் அதே நிகழ்தகவுக் கணிதத்தைத் தகவல் கோட்பாட்டின் வழியாக அணுகிக்கொண்டிருந்தது. ஜெலினெக் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறியவர். அடுத்த வாரம் அந்த ஆய்வகத்துக்குப் போவோம்.

(தொடரும்)